பிள்ளையார் எந்தப் பக்கத்தில்?

வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் பாரதத்தை எழுதினார், எழுத்தாணி முறிந்ததும் தன் தந்தத்தையே ஒடித்து எழுதினார் என்ற கதையைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை மாட்டுங்காவிலும் கிடையாது, தாராவியிலும் கிடையாது. ஆனால் தாராவியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டது வேறு. "தம்பி, தந்தத்த ஒடிச்சு எழுதினாருன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எந்தப் புஸ்தகத்துல, எந்தப் பக்கத்துல இருக்குன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். நீங்க ஆராய்ச்சிக்காரருல்லா, பாத்துச் சொல்லுங்க."

அவர் அன்றாடம் கும்பிடும் பிள்ளையார் கோயில் 1913இல் எழுந்தது. தாராவியின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுதான் என்பார்கள். தோல் பதனிடும் வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்தவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது பிள்ளையாருக்கு ஓர் இடம். அப்படிப்பட்ட ஊரில் கேட்ட கேள்வியைத் தட்ட மனம் வரவில்லை. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில், முதல் அத்தியாயத்தைத் திறந்தால் விடை கிடைத்துவிடும். எந்த ஆதி பருவத்தைத் திறப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

மும்பையிலிருந்து தேடுபவன் முதலில் கையில் எடுக்க வேண்டியது மும்பையின் பாரதத்தை. 1862-63இல் கண்பத் கிருஷ்ணாஜியின் அச்சகத்தில் நீலகண்டரின் உரையோடு வெளிவந்த பதிப்பு அது. பம்பாயில் மராத்தி அச்சுத் தொழிலுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் கண்பத் கிருஷ்ணாஜி. மிஷன்காரர்களின் கல்லச்சைப் பார்த்துத் தானாகவே தொழிலைக் கற்றவர். மையில் விலங்குக் கொழுப்பு இருக்கிறதென்று வைதிகர்கள் முகம் சுளித்தபோது நெய் கலந்து மை காய்ச்சினார் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கோட்டைப் பகுதி நூலகம் ஒன்றில் இந்தப் பதிப்பைப் பிரித்தேன். அது தைத்துக் கட்டிய புத்தகம் அல்ல. அகலமான தனித்தனித் தாள்கள், சுவடியைப் போலவே. நடுவில் மூலம், மேலும் கீழும் சிறிய எழுத்தில் உரை. அச்சுக்கு வந்த பிறகும் ஏட்டின் உருவத்தை விட மனமில்லாதவர்கள் செய்த வேலை.

முதல் அத்தியாயத்திலேயே பிள்ளையார் இருக்கிறார். பாரதத்தை மனத்துக்குள் இயற்றி முடித்த வியாசர், இதை மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று கவலைப்படுகிறார். பிரமன் வருகிறார், கணேசனை நினை என்று சொல்லிவிட்டுத் தன் உலகுக்குப் போகிறார். வியாசர் ஹேரம்பனை, அதாவது கணேசனை, நினைக்க அவரும் வந்து நிற்கிறார். என் எழுதுகோல் ஒரு கணமும் நிற்கக் கூடாது, அப்படியானால் எழுதுகிறேன் என்பது அவருடைய நிபந்தனை. பொருள் புரியாமல் எதையும் எழுதாதே என்பது வியாசரின் எதிர் நிபந்தனை. அவர் 'ஓம்' என்று சொல்லி எழுத உட்காருகிறார். மூச்சு வாங்க அவகாசம் தேவைப்படும்போதெல்லாம் வியாசர் ஒரு முடிச்சுச் சுலோகத்தைப் போடுகிறார். எல்லாம் தெரிந்த பிள்ளையாரே சற்று யோசிக்க, அதற்குள் இவர் அடுத்த பல சுலோகங்களைக் கட்டிவிடுகிறார். அப்படிப்பட்ட முடிச்சுகள் 8,800. அவை எனக்குத் தெரியும், சுகனுக்குத் தெரியும், சஞ்சயனுக்குத் தெரிந்தாலும் தெரியலாம் என்று வியாசர் பெருமையடித்துக்கொள்வதும் அங்கேதான்.

தந்தம் மட்டும் இல்லை. எழுதுகோல் ஒடியவும் இல்லை. ஒற்றைக் கொம்புக்குப் புராணங்களில் வேறு கதைகள் உண்டு. பிரம்மாண்ட புராணத்தில் பரசுராமரின் கோடரி பட்டு முறிகிறது. எழுதுவதற்காக ஒடித்தார் என்பது பம்பாய்ப் பதிப்பின் ஆதி பருவத்தில் இல்லவே இல்லை. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் அசரவில்லை. "நீங்க பாத்தது வடக்கத்தி புஸ்தகம். நம்ம பக்கத்து ஏட்டுல பாருங்க" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நூறு வருடத்துக்கு முன் பெரிய பண்டிதர்கள் அடித்துக்கொண்ட விஷயத்தையே அவர் தொட்டிருந்தார்.

பாரதத்துக்கு வடபாடம், தென்பாடம் என்று இரண்டு உண்டு. தென்பாடம் தெலுங்கு, கிரந்தம், மலையாள எழுத்து ஏடுகளில் வந்தது, அளவில் பெரியது. அச்சில் அதைத் தேடினால் சட்டென்று கைக்குக் கிடைப்பது கும்பகோணம் பதிப்பு. செம்பூரில் ஒரு பழைய கட்டடம் ரீடெவலப்மெண்ட்டுக்குப் போனபோது, ஒரு குடும்பம் தாத்தாவின் பெட்டியைக் காலி செய்தது. பழைய தாள் வாங்கும் ரத்திக்காரர் தராசை எடுப்பதற்குள் தெரிந்தவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். தேவநாகரி எழுத்தில் தடித்த தொகுதிகள். தி.ரா. கிருஷ்ணாசாரியரும் தி.ரா. வியாசாசாரியரும் பதிப்பித்தது, கும்பகோணம் மத்வ விலாச புத்தகசாலை வெளியீடு, 1906இல் தொடங்கியது. அச்சிட்ட இடத்தைப் பார்த்தேன்: நிர்ணய சாகர் அச்சகம், பம்பாய்.

காவிரிக் கரையின் பாரதம் கல்பாதேவியில் கோல்பாட் சந்தில் அச்சாகியிருக்கிறது! இதில் வியக்க ஒன்றுமில்லை என்று அச்சு வரலாறு தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஜாவ்ஜி தாதாஜி தொடங்கிய நிர்ணய சாகரின் நாகரி எழுத்துக்கு அன்று இந்தியாவில் நிகர் கிடையாது. அது வரை தெற்கே சமஸ்கிருதம் பெரும்பாலும் கிரந்தத்திலும் தெலுங்கு எழுத்திலும்தான் அச்சாயிற்று. 1855-60இல் சென்னையில் வந்த பாரதம் தெலுங்கு எழுத்தில் உள்ளது. காசியிலும் பூனாவிலும் இருப்பவன் தென்பாடத்தைப் படிக்க வேண்டுமென்றால் நாகரியில் போட வேண்டும். கும்பகோணத்துக்காரர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். இதே பதிப்பின் பெயரால்தான் ம.வீ. இராமானுஜாசாரியார் கால் நூற்றாண்டு பாடுபட்டு 1932இல் முடித்த தமிழ் மொழிபெயர்ப்பையும் நாம் இன்று 'கும்பகோணம் பாரதம்' என்கிறோம். கடன் வாங்கி, சந்தாதாரர்களிடம் கெஞ்சி நடந்த அந்த வேலையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ஆனால் என் வழக்குக்கு இந்தச் சாட்சி உதவவில்லை. தென்னிந்தியப் பாடங்களை 'முக்கியமாக' ஆதாரமாகக் கொண்டது என்று முகப்புத் தாளே ஒப்புக்கொள்கிறது. முக்கியமாக என்றால் முழுமையாக அல்ல. வாங்கியவர், என் ஊர்ப் பாரதத்தில் இருக்கும் கதை இதில் எங்கே என்று கேட்டுவிடக் கூடாதே என்று பதிப்பாளர் இரண்டு பக்கத்துச் சரக்கையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். விற்பனைக்கு அது நல்லது. எது எங்கிருந்து வந்தது என்று துப்பறிபவனுக்கு அது கைரேகை அழிந்த இடம். அச்சை விட்டு ஏட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஏட்டைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். மோரிஸ் வின்டர்நிட்ஸ். கேரளக் கணிதத்தைப் பற்றி முதலில் ஐரோப்பாவுக்குச் சொன்ன சார்லஸ் விஷ் என்ற கம்பெனி அதிகாரி மலபாரில் சேர்த்த ஓலைச்சுவடிகள் லண்டன் ராயல் ஆசியச் சங்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. கிரந்தத்திலும் மலையாள எழுத்திலும் இருந்த அந்தக் கட்டுகளை அட்டவணைப்படுத்தும் வேலை வின்டர்நிட்ஸிடம் வந்தது. 1898இல் அந்தச் சங்கத்தின் இதழில், தென்னிந்தியப் பாரதச் சுவடிகளைப் பற்றி எழுதும்போது அவர் தனியே எடுத்துக் காட்டிய ஓர் அடையாளம்: அவற்றில் பிள்ளையார் எழுதிய கதை இல்லை.

படித்துவிட்டுச் சற்று நேரம் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. மூலைக்கு மூலை அரசமரத்தடியில் பிள்ளையாரை வைத்திருக்கும் நாடு நம்முடையது. நம்முடைய ஏட்டில்தான் அவர் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு கட்டுரையோடு விட்டுவிட முடியாது. வின்டர்நிட்ஸ் பார்த்தது சில கட்டுகளைத்தான். மொத்தக் கணக்கு பூனாவில் இருந்தது. பாரதத்துக்கு ஓர் ஆய்வுப் பதிப்பு வேண்டும் என்று 1897இல் பாரிஸ் மாநாட்டில் குரல் கொடுத்தவரும் அவரே. அந்தக் கனவைக் கடைசியில் எடுத்துக்கொண்டது பண்டார்கர் கீழைக்கலை ஆய்வு நிறுவனம். 1919இல் பிள்ளையார் சுழி போட்டது, 1966இல் முடிந்தது. பரிசீலித்த சுவடிகள் 1,259. வேலை தடுமாறிக்கொண்டிருந்த 1925இல் பொறுப்பேற்று அதற்கு முதுகெலும்பு தந்தவர் விஷ்ணு சீதாராம் சுக்தங்கர். 1887இல் பம்பாயில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், பிறகு பெர்லினில் லூடர்ஸிடம் வடமொழி. கணிதம் படித்தவர் என்பதை அவருடைய ஆதி பருவத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரிந்துகொள்ளலாம்.

மேலே சில வரி சுலோகம். அதன் கீழே பக்கத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு பொடி எழுத்தில் பாட வேறுபாடுகள். ஒவ்வொரு சுவடிக்கும் அதன் எழுத்து வகையைக் குறிக்கும் ஓர் அடையாளமும் எண்ணும். கிரந்தச் சுவடி ஒன்று, இரண்டு, மூன்று. மலையாளச் சுவடி ஒன்று, இரண்டு. காஷ்மீரத்துச் சாரதா, வங்காளம், மைதிலி, நேபாளம் என்று போகும். எந்தச் சொல் எவரிடம் உண்டு, எவரிடம் இல்லை என்பது முழுக்க அதில் பதிவாகியிருக்கிறது. பழகும் வரை கண்ணைக் கட்டும். பழகிவிட்டால் போலீஸ் டைரியைப் படிப்பது போல இருக்கும்.

சுக்தங்கரின் முறையை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். காஷ்மீரத்து ஏடும் கேரளத்து ஏடும் ஒன்றையொன்று பார்த்துக் காப்பி அடித்திருக்க வழியில்லை. இரண்டும் ஒரே சொல்லைச் சொன்னால் அது பழையது. தேசத்தின் இரண்டு கோடியில் நிற்கும், அறிமுகமில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொல்வதை நீதிபதி நம்புவதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். அதேபோல ஒரு கதை நடுநாட்டு ஏடுகளில் மட்டும் இருந்து, ஒரு கோடியில் மொத்தமாக இல்லாமற்போனால் சந்தேகப்படு. இந்த முறையில் தெற்கத்தி ஏடுகளுக்குக் கிடைத்த மதிப்பு பெரிது. அவற்றிலும் மலையாள ஏட்டுக்கு அவர் தனி மரியாதை வைத்திருந்தார்.

1933இல் முடிந்த அந்த ஆதி பருவத்தில் பிள்ளையாரைத் தேடினேன். மூலத்தில் இல்லை. பின்னிணைப்புக்குப் போனேன். பிரமன் வந்து போகும் பகுதியே பின்னிணைப்பில்தான் கிடக்கிறது. அதன் அடியில், 884ஆம் பக்கத்தில், ஓர் அடிக்குறிப்பில், இருபது வரிகளில் உட்கார்ந்திருந்தார் பிள்ளையார். அந்த இடத்துக்கு ஒப்பிட்ட 59 சுவடிகளில் 37இல் அவர் உண்டு. பெரும்பான்மைதான். ஆனால் சுவடி வழக்கில் தலையை எண்ணுவதில்லை, எந்தக் குடும்பம் என்று பார்ப்பார்கள். இல்லாத 22இன் பக்கம் தெற்கு நின்றது.

இதைக் கேட்டுக் கோபப்பட்டவர்கள் உண்டு. மாட்டுங்காவில் ஒரு உபன்யாசத்துக்குப் பிறகு இந்தப் பேச்சை எடுத்து நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் பதில் ஒன்றுதான். கதை பொய் என்று சுக்தங்கர் சொல்லவில்லை; நமக்கு எட்டக்கூடிய மிகப் பழைய பாடத்தில் அது இல்லை என்கிறார். பாரதமும் தன்னைப் பற்றி அப்படித்தான் பேசுகிறது. வியாசர் மூன்று ஆண்டு நாள்தோறும் எழுந்து இயற்றுகிறார். சுமந்து, ஜைமினி, பைலன், சுகன், வைசம்பாயனன் என்ற ஐவருக்கு ஓதுவிக்கிறார். வைசம்பாயனன் ஜனமேஜயனின் பாம்பு வேள்வியில் சொல்கிறான். அதைக் கேட்ட சூதர் மகன் நைமிசாரணியத்தில் மறுபடியும் சொல்கிறான். எல்லாம் வாயும் காதும். எழுதுகிறவருக்கு அங்கே வேலையே இல்லை. நூல் ஓலையிலேறி, ஓலை எழுதுவது ஒரு பிழைப்பாகிவிட்ட பிறகு, விரல் தேய எழுதிய யாரோ தன் தொழிலுக்கும் ஒரு தெய்வத்தை உள்ளே உட்கார வைத்தார் என்றே நான் நினைக்கிறேன். சொல்கிறவர் வேகம், எழுதுகிறவர் வேகம், புரியாத இடத்தில் கை நிற்பது: இந்தத் தொல்லையெல்லாம் படியெடுப்பவனுக்குத்தான் தெரியும்.

எப்போது நுழைந்தது? கதை நூலுக்கு வெளியே முன்பே உலவியது. கி.பி. 900 வாக்கில் இராசசேகரனின் 'பாலபாரத' நாடகம் அதை அறிந்திருக்கிறது என்று வின்டர்நிட்ஸ் காட்டுகிறார். அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு வரை அது பாரதத்துக்குள் வரவில்லை என்பது அவர் கணிப்பு. கன்னோசி அரசவையில் இருந்தாலும் இராசசேகரன் தன் முன்னோரை மராட்டிய நாட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொள்பவன். பதினேழாம் நூற்றாண்டில் காசியில் உட்கார்ந்து பல தேசத்து ஏடுகளைச் சேர்த்து உரை எழுதிய நீலகண்ட சதுர்தரரோ கோதாவரிக் கரையின் கோபர்காவ்ன்காரர். அவருடைய பாடத்தைத்தான் கண்பத் கிருஷ்ணாஜியின் அச்சகம் தேசம் முழுக்கப் பரப்பியது. பிள்ளையார் பாரதத்துக்குள் உறுதியாக உட்கார்ந்ததில் மராட்டியர் கை கணிசமானது. அந்த உட்கார்ந்த பிள்ளையாரை எழுப்பி அடிக்குறிப்புக்கு அனுப்பியதும் பம்பாயில் பிறந்த ஒரு மராட்டியர்தான்.

தந்தம் இன்னும் பாக்கி. வடபாடத்தில் கதை உண்டு, தந்தம் இல்லை. தென்பாடத்தில் கதையே இல்லை. அப்படியானால் திருநெல்வேலிக்காரருக்கு அது எப்படித் தெரிந்தது? இரண்டாவது முறை போனபோது அவரையே கேட்டேன், சின்ன வயதில் யார் சொன்னது என்று. "யாரு சொல்லணும்? ஊர்க் கோயில்ல பாரதம் வாசிப்பாங்கல்லா, எடுத்த எடுப்புல அதானே பாட்டு" என்றார். வடமொழியைத் தோண்டிக்கொண்டிருந்த எனக்கு வழி காட்டியது இந்த வார்த்தை. ஊர்க் கோயிலில் வாசித்தது வியாசரை அல்ல, வில்லிபுத்தூராரை.

வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் ஆதரவில், சுமார் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வில்லி பாடிய பாரதத்தின் அச்சுப் பதிப்புகளைத் திறந்தால் தலைவாசலில் ஒரு விநாயகர் வணக்கம் நிற்கிறது. மாமுனிவர் பாரதம் சொன்ன நாளில் மேரு மலையையே ஓலையாக விரித்துத் தன் கொம்பையே எழுதுகோலாக்கியவரை அது வணங்குகிறது. வடமொழிக் கதையில் கிடைக்காத கொம்பு இங்கே இருக்கிறது. வில்லியோ வைணவர், அந்த வணக்கத்தைப் பாடியது அவர்தானா என்று ஐயுற இடமுண்டு. ஆனால் ஏட்டில் அது ஏறிவிட்டது, பாரதம் வாசித்தவர்கள் அதிலிருந்துதான் தொடங்கினார்கள். அருணகிரிநாதரின் திருப்புகழிலும் கணபதி மலையில் எழுதுகிறார்; செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்குத் திருப்புகழ் பாடப் போகிறவர்கள் முதலில் எடுக்கும் பாட்டில் அந்தச் செய்தி உண்டு. எழுத்தாணி நடுவில் முறிந்தது, அவசரத்தில் தந்தத்தை ஒடித்தார் என்பது மட்டும் இந்த எதிலும் இல்லை. அது கதை சொன்ன பாட்டிமார்களின் கைவண்ணம்.

ஆக என் முடிவு இது. எழுதிய பிள்ளையார் வடக்கேயிருந்து வடபாடத்தோடு வந்தவர். அவர் கையில் தந்தத்தைத் தமிழர் பார்த்தது தமிழ்ப் பாட்டில். தமிழ்நாட்டுப் பண்டிதர் படியெடுத்த கிரந்த ஏட்டில் அவருக்கு இடமில்லாத அதே காலத்தில், பக்கத்துத் தெருவில் வில்லி வாசித்தவர் அவரைக் கும்பிட்டுத்தான் சுவடியை அவிழ்த்தார். இரண்டு பாரதமும் ஒரே ஊரில், ஒன்றையொன்று திருத்தாமல் இருந்திருக்கின்றன. எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

சுக்தங்கர் 1943 ஜனவரியில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காகப் பாரதத்தின் பொருள் குறித்து நான்கு சொற்பொழிவுகள் ஒப்புக்கொண்டார். மூன்றை நிகழ்த்தினார். நான்காவதற்கு முன், 21ஆம் தேதி, காலமானார். நான்கும் நூலாக வந்தது 1957இல், பம்பாய் ஆசியச் சங்கத்தின் வெளியீடாக. அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. 1951இல் சௌபாத்தியின் பாரதிய வித்யா பவன் தன் மலிவுப் பதிப்பு வரிசையைத் தொடங்கியபோது முதல் நூலாகப் போட்டது ராஜாஜியின் மகாபாரதத்தை. தமிழில் நாம் 'வியாசர் விருந்து' என்று படிக்கும் அதே நூலின் ஆங்கில வடிவம். அதன் முதல் அத்தியாயம் எழுத உட்கார்ந்த கணபதியைப் பற்றியது. பூனாவின் அடிக்குறிப்பிலிருந்து பிள்ளையாரை எடுத்து மறுபடி முதல் பக்கத்தில் வைத்தவர் ஒரு தமிழர். அச்சானது, மறுபடியும், பம்பாயில். ஆய்வுப் பதிப்பை அடுக்கி வைத்த வீடுகளை விட ராஜாஜியை வாங்கிய வீடுகள் எத்தனையோ மடங்கு அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக ரீடெவலப்மெண்ட்டுக்குப் போகின்றன. ஊரிலிருந்து பெரியவர்கள் கொண்டுவந்த பெட்டிகளைக் காலி செய்யும்போது கிரந்த எழுத்தில் ஓலைக்கட்டு எதுவும் கண்ணில் பட்டால், படிக்கத் தெரியவில்லை என்று ரத்திக்குப் போடவோ கடலில் விடவோ வேண்டாம். எண்ணெய் தடவிச் சுத்தம் செய்யவும் வேண்டாம். ஏடு கலையாமல் துணியில் சுற்றி, முதல் நாலைந்து ஏடுகளை மட்டும் வெளிச்சத்தில் படம் எடுத்து, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சை சரசுவதி மகாலுக்கோ அனுப்பிக் கேளுங்கள்.